அமிழ்ந்த கடல் தட்டு எங்கே போய் நிற்கிறது? படத்தில் கோட்டை எந்த ஆழத்தில் முடிப்பது?

பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் அந்தப் படம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடல் தட்டு, அதாவது கடலடியைச் சுமக்கும் பாறைத் தட்டு, ஒரு பக்கமிருந்து நகர்ந்து வரும், கண்டத்தின் ஓரத்தில் ஓர் ஆழ்கடல் அகழி இருக்கும், அங்கே தட்டு சாய்ந்து உள்ளே இறங்கும், கண்டத்தின் மேல் ரெண்டு எரிமலை புகைந்துகொண்டிருக்கும். இறங்கிய தட்டு ஒரு 200 கிலோமீட்டர் போனதும் வண்ணம் மங்கிக் காணாமல் போய்விடும். பக்கத்தில் "தட்டு உருகுகிறது" என்று ஒரு குறிப்பு. பள்ளிப் படங்களிலிருந்து யூடியூப் காணொளி வரை இதே கதைதான்.

அந்தக் குறிப்பை முதலில் அழித்துவிடுங்கள். மேலே எரிமலை வருவதற்குப் பெரும்பாலும் தட்டு உருகுவது காரணம் கிடையாது. தட்டு சூடேறும்போது அதிலுள்ள கனிமங்கள் நீரைக் கக்குகின்றன, அந்த நீர் மேலேயுள்ள பாறைக்குள் ஏறி அதன் உருகுநிலையைக் குறைக்கிறது, உருகுவது அந்தப் பாறைதான். இளசான, இன்னும் சூடு ஆறாத தட்டு இறங்கும் சில இடங்களில் தட்டின் மேல்பகுதியும் கொஞ்சம் உருகலாம், அது தனிக்கதை. மற்றபடி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள அந்தக் குளிர்ந்த பாறை, திடப்பொருளாகவே இன்னும் கீழே இன்னும் கீழே என்று போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் படம் வரைகிறவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: கோட்டை எங்கே நிறுத்துவது? கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. கனிமங்கள் பெரிய மாற்றம் காணும் 660 கிலோமீட்டரில் நிறுத்தலாம். 2,890 கிலோமீட்டரில், அதாவது பூமியின் மையத்திலுள்ள கருவத்தின் விளிம்பு வரை, கொண்டுபோய் விடலாம். இல்லையென்றால் இடத்துக்கு இடம் வேறுவேறு ஆழத்தில் முடிக்கலாம். மூன்றையும் நல்ல ஆய்வாளர்கள் சும்மா இல்லாமல் சான்றோடுதான் வாதாடியிருக்கிறார்கள், அதனால்தான் தேர்வு கொஞ்சம் கடினம்.

ஒப்பிடும் முன் அளவைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் பாதித் தவறு அளவில்தான் நடக்கிறது. மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கான கவசம் முழுவதையும் 29 சென்டிமீட்டர் உயரத்தில் வரைந்தால் ஒரு சென்டிமீட்டர் 100 கிலோமீட்டர். தட்டின் தடிமன் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வரும். அதன் மேலுள்ள கடலடி மேலோடு 7 கிலோமீட்டர், அதாவது பென்சில் கோட்டளவு. கனிமங்கள் முதல் பெரிய மாற்றம் காணும் 410 கிலோமீட்டர் எல்லை மேலிருந்து 4.1 சென்டிமீட்டரில், அடுத்தது 6.6 சென்டிமீட்டரில். நாம் வழக்கமாகப் பார்க்கும் படத்தில் தட்டு மறையும் இடம் வெறும் 2 சென்டிமீட்டரில் இருக்கிறது. மிச்சம் 27 சென்டிமீட்டர் காலி! சண்டையெல்லாம் அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான்.

சரி, முதல் வழி. 660-இல் நிறுத்துவது.

இதற்கு ஆதரவான முதல் சான்று நிலநடுக்கங்களே. ஜப்பானில் கியோ வடாட்டி 1928-லேயே ஆழத்தில் நடக்கும் நிலநடுக்கங்கள் உண்டு என்று காட்டினார். பிறகு அமெரிக்காவில் ஹியூகோ பெனியாஃப், அந்த நடுக்கங்கள் அகழியிலிருந்து சாய்வாக உள்ளே இறங்கும் ஒரு பட்டையில் அமைந்திருப்பதை விரிவாக வரைந்தார். இறங்கும் தட்டின் உருவமே அந்தப் பட்டை. அது 700 கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிடுகிறது. 2013 மே 24 அன்று ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் ஒரு நடுக்கம் வந்தது, ஆழம் சுமார் 600 கிலோமீட்டர், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாஸ்கோவில் கூட உணர்ந்தார்கள். அவ்வளவு பெரிய நடுக்கம் அந்த ஆழத்தில் வருகிறது, ஆனால் இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கீழே போனால் எதுவுமே கிடையாது. அங்கே தட்டு இல்லை என்று நினைப்பது இயல்புதான்.

இரண்டாவது சான்று இன்னும் பலமானது, அது கனிமங்களின் கதை. கவசத்தின் மேல்பகுதியில் அதிகம் இருப்பது ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். அழுத்தம் கூடக் கூட அது தன் அணு அடுக்கை மாற்றிக்கொள்கிறது: 410-இல் வாட்ஸ்லேயைட், 520 வாக்கில் ரிங்வுடைட், 660-இல் பிரிட்ஜ்மனைட்டும் ஃபெர்ரோபெரிக்ளேசும் கலந்த அடர்த்தியான ஒரு கலவை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 410-இல் நடக்கும் மாற்றம் குளிர்ந்த பாறையில் சீக்கிரமே, கொஞ்சம் மேலேயே, நடந்துவிடும். அதனால் தட்டு சுற்றியுள்ளதைவிடக் கனமாகி இன்னும் வேகமாக இறங்கும். 660-இல் நடப்பது நேர்மாறு. குளிர்ந்த தட்டில் மாற்றம் தாமதமாகிறது, சுற்றியுள்ள பாறையெல்லாம் அடர்த்தியான வடிவத்துக்கு மாறிவிட்டிருக்க, தட்டு மட்டும் பழைய லேசான வடிவத்திலேயே இருந்துகொண்டு மேலே தள்ளப்படும். போதாததற்கு அங்கிருந்து கீழே பாறையின் பாகுத்தன்மை, அதாவது ஓடாமல் எதிர்க்கும் கெட்டித்தன்மை, பல பத்து மடங்கு கூடுகிறது. ஆக, மேலே தள்ளும் விசையும் உண்டு, கீழே வழிவிடாத பாறையும் உண்டு.

எரிமலைப் பாறைகளின் வேதியியலும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் பேசியது. நடுக்கடல் முகடுகளில் வரும் பாறையையும் ஹவாய், ஐஸ்லாந்து போன்ற தீவுகளில் வரும் பாறையையும் ஒப்பிட்டால் ஹீலியத்தின் ஐசோடோப்பு விகிதம் ஒன்றுபோல் இல்லை. தீவுகளில் ஹீலியம்-3 அதிகம், அதாவது பூமி உருவான காலத்து வாயு இன்னும் முழுதாக வெளியேறாத ஏதோ ஒரு பகுதி உள்ளே இருக்கிறது. 1970-80களில் பலர் இதை வைத்துக் கவசத்தை மேல் கீழ் என்று ஒன்றோடொன்று கலக்காத இரண்டு அடுக்குகளாகப் பிரித்தார்கள். ஆஸ்திரேலியாவின் டெட் ரிங்வுட் (ரிங்வுடைட் என்ற பெயரே இவரிடமிருந்து வந்ததுதான்) தட்டுகள் 660 எல்லையில் பெரும் பாறைக் குவியல்களாகத் தேங்கும் என்று கருதினார். அவர் சொன்ன ஒரு காரணம் இன்றைக்கும் நிற்கிறது: தட்டின் மேலுள்ள கடலடி மேலோடு 660-ஐத் தாண்டியவுடன் சில பத்து கிலோமீட்டருக்குச் சுற்றியுள்ளதைவிட லேசாக இருக்கும், அதன் பிறகுதான் மறுபடி கனமாகும்.

இவ்வளவு இருந்தும் நான் இந்த வழியை எடுக்க மாட்டேன். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தாலே போதும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3 சதுர கிலோமீட்டர் கடலடி அகழிகளுக்குள் போகிறது. தட்டின் தடிமனைச் சராசரியாக 90 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 270 கன கிலோமீட்டர் பாறை. 410-க்கும் 660-க்கும் இடைப்பட்ட அடுக்கின் மொத்தக் கன அளவு சுமார் 10,700 கோடி கன கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், 40 கோடி ஆண்டில் அந்த அடுக்கு முழுவதும் தட்டால் நிரம்பிவிடும். தட்டுகள் அதைவிட எத்தனையோ மடங்கு காலமாக அமிழ்ந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் அங்கேயே தேங்கியிருந்தால் இன்று நிலநடுக்க அலைகள் அந்த அடுக்கு முழுவதையும் குளிர்ந்த பாறையாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை. நிலநடுக்கம் 700-இல் நிற்கிறது என்பதற்காகத் தட்டும் அங்கே நிற்க வேண்டிய அவசியமில்லை, பாறை உடையும் விதம் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த ஆழத்தில் நடுக்கத்தைத் தூண்டுவது கனிம மாற்றமே என்று கருதுகிறவர்கள் உண்டு. அப்படியானால் மாறுவதற்கு ஆலிவின் தீர்ந்துபோன இடத்தில் நடுக்கமும் தீர்ந்துபோகும், தட்டு சத்தமில்லாமல் மேற்கொண்டு போகலாம்.

இரண்டாவது வழி, கருவம் வரை கொண்டுபோவது. அழகான படம் இதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சு.

இதற்கு முதல் பெரிய ஆதரவு 1980களில் புவியீர்ப்பிலிருந்து வந்தது. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் உண்டாகும் கடல்மட்டத்தின் மேடுபள்ளங்களை, அமிழ்ந்த தட்டுகளின் எடையையும் ஆழத்தில் பாகுத்தன்மை கூடுவதையும் சேர்த்து வைத்தால் நன்றாக விளக்க முடிகிறது என்று 1984-இல் பிராட் ஹேகர் காட்டினார். ஆனால் பலரின் மனத்தை மாற்றியது 1997. நிலநடுக்க அலை குளிர்ந்த பாறையில் கொஞ்சம் வேகமாகவும் சூடான பாறையில் கொஞ்சம் மெதுவாகவும் போகும். உலகெங்கும் பதிவான லட்சக்கணக்கான அலைகள் எவ்வளவு முந்தின, எவ்வளவு பிந்தின என்று சேர்த்துக் கணக்கிட்டால் உள்ளே எங்கே குளிர், எங்கே சூடு என்ற முப்பரிமாணப் படம் கிடைத்துவிடும். டோமோகிராபி என்பது இதுதான். அந்த ஆண்டில் ராப் வான் டெர் ஹில்ஸ்ட், இந்தோனேசியாவின் ஸ்ரீ விதியந்தோரோ, ஸ்டீவ் கிராண்ட் ஆகியோரின் படங்கள் வெளியாயின. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குக் கீழே, 660 எல்லையைச் சட்டைசெய்யாமல், கீழ்க்கவசத்துக்குள் நீளமாக ஒரு வேகப் பட்டை. பல கோடி ஆண்டுகளாக அந்தக் கண்டத்தின் மேற்குக் கரையில் அமிழ்ந்த ஃபாரலான் தட்டு அது. இன்று மேற்பரப்பில் அதன் துண்டுகளாக மிஞ்சியிருப்பவை ஹுவான் டி ஃபூக்கா, கோக்கோஸ், நாஸ்கா ஆகிய தட்டுகள்.

இன்னும் கீழேயும் போகலாம். 2006-இல் அலெக்ஸ் ஹட்கோவும் தோர்ன் லே உள்ளிட்ட அவருடைய குழுவினரும், மத்திய அமெரிக்காவுக்கு அடியில் கருவத்தின் விளிம்பிலேயே தட்டு மடிந்து கிடப்பதற்கான நிலநடுக்கச் சான்றை வெளியிட்டார்கள். அலைகளை விட்டுவிட்டுக் கையில் பிடிக்கக்கூடிய சான்று வேண்டும் என்பவர்களுக்கு வைரம் இருக்கிறது. பிரேசிலின் ஜூயினாவில் கிடைக்கும் சில வைரங்கள் மிக மிக ஆழத்தில் உருவானவை. அவற்றுக்குள் சிக்கிய கனிமத் துணுக்குகளின் சேர்மானம், கீழ்க்கவசத்தில் இருக்கும் கடலடி மேலோட்டின் சேர்மானத்தோடு பொருந்துகிறது என்று மைக்கேல் வால்டர் குழு 2011-இல் காட்டியது. அந்த வைரங்களின் கார்பன் மேற்பரப்பிலிருந்து போன கார்பனின் அடையாளத்தோடு இருந்தது. ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது 660-க்குக் கீழே போய் வைரமாகித் திரும்பி வந்திருக்கிறது! இதற்கு மேல் 660-ஐ ஒரு சுவர் என்று சொல்வது கஷ்டம்.

எனக்கு இதைவிடவும் பிடித்த சான்று பசிபிக்கின் குக் தீவுகளில் ஒன்றான மாங்காயாவிலிருந்து வந்தது. அங்குள்ள எரிமலைப் பாறை பூமியின் கணக்கில் இளசு, சுமார் 2 கோடி ஆண்டு. அதிலுள்ள ஆலிவின் மணிகளுக்குள் அடைபட்ட சல்ஃபைடுகளில் ஒரு விசித்திரமான கந்தக ஐசோடோப்புக் கையொப்பம் இருப்பதை 2013-இல் ரீட்டா கப்ரால் குழு கண்டது. காற்றில் ஆக்சிஜன் சேர்வதற்கு முன், சூரியனின் புறஊதாக் கதிர் தடையின்றி விழுந்த காலத்தில்தான் அந்தக் கையொப்பம் உண்டாக முடியும், அதாவது 245 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது மேற்பரப்பில் கிடந்த பொருள் உள்ளே போய், இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் எங்கோ கிடந்து, மறுபடி மேலே வந்திருக்கிறது. கவசம் எல்லாவற்றையும் நன்றாகக் கலக்கிவிடும் என்றால் இது நடந்திருக்காது. திடப்பாறையில் வெப்பம் பரவுவதே மெதுவு, அணுக்கள் பரவுவது அதைவிடப் பன்மடங்கு மெதுவு. சூடு ஏறித் தட்டு தன் குளிர்ச்சியை இழந்துவிட்டாலும் அதன் வேதியியல் அடையாளம் அழியாமல் கிடக்கும்.

ஆனால் இந்த வழியை எடுப்பவர்கள் வழக்கமாக வரையும் படத்தில் மூன்று கோளாறுகள். ஒன்று, தட்டை ஒரே தடிமனில், நேர்க்கோட்டில் வரைகிறார்கள். டோமோகிராபியில் கீழ்க்கவசத்துத் தட்டுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குத் தடித்துத் தெரிகின்றன. இதில் கொஞ்சம் படத்தின் மங்கல், மிச்சம் நிஜம். கிண்ணத்தில் ஊற்றும் தேன் அடியைத் தொட்டதும் முன்னும் பின்னும் மடிந்து குவிவதைப் போலத்தான், கெட்டியான கீழ்க்கவசத்தில் முட்டும் தட்டும் மடிந்து குவிகிறது. இரண்டு, நேரம். கீழ்க்கவசத்தில் தட்டு இறங்கும் வேகம் ஆண்டுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வாக்கில்தான் என்று உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் டௌவ் வான் டெர் மீர் குழு உள்ளிட்ட பலரின் கணக்குகள் சொல்கின்றன. 1.2 என்றே வைத்தாலும் 660-இலிருந்து அடிவரை 2,230 கிலோமீட்டருக்கு 18 கோடிக்கும் மேல் ஆண்டுகள். இன்று பெருங்கடல்களில் இருக்கும் மிகப் பழைய கடலடியின் வயதும் ஏறக்குறைய அதே 18 கோடி. அந்தக் கடலடி பிறந்த சமயத்தில் 660-ஐத் தாண்டிய தட்டு இப்போதுதான் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இளைய அகழி எதற்கும் கருவம் வரை கோடு இழுப்பது வெறும் கற்பனை. மூன்றாவது கோளாறு எல்லாவற்றிலும் பெரிது: பல தட்டுகள் உண்மையிலேயே அங்கே போகவில்லை.

அதுதான் மூன்றாவது வழிக்குக் கொண்டுபோகிறது. ஜப்பானின் யோஷியோ ஃபுகாவோ 1990களிலிருந்தே தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்று சொல்லி வந்தார். அவரும் மசாயுகி ஒபயாஷியும் 2013-இல் பசிபிக்கைச் சுற்றியுள்ள அகழிகளை வரிசையாக எடுத்துப் பார்த்த ஆய்வு, படம் வரைகிறவருக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்பேன். ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவுக்குக் கீழே இறங்கும் பசிபிக் தட்டு 660-இல் மோதி, அப்படியே மேற்கே திரும்பிச் சீனாவுக்கு அடியில் கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. இசு-போனின் தீவுகளுக்குக் கீழேயும் படுக்கைதான். அங்கிருந்து தெற்கே மரியானாவுக்கு வந்தால், அதே பசிபிக் தட்டுதான், ஆனால் செங்குத்தாக விழுந்து 660-ஐக் குத்திக்கொண்டு போகிறது. ஜாவாவுக்குக் கீழே தட்டு கீழ்க்கவசத்துக்குள் நுழைந்திருக்கிறது. பெரு, நியூசிலாந்துக்கு வடக்கேயுள்ள கெர்மடெக் போன்ற இடங்களில் 660-ஐத் தாண்டிவிட்டு 1,000 கிலோமீட்டர் வாக்கில் மறுபடி தயங்கி நிற்கிறது. மத்திய அமெரிக்காவில் நிற்காமல் ஆழத்துக்குப் போகிறது.

ஒரே தட்டு பக்கத்துப் பக்கத்தில் ஏன் இப்படி? அகழி நகர்வதுதான் முக்கியக் காரணம் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். அகழிகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, தட்டு இறங்க இறங்கக் கடல் பக்கமாகப் பின்வாங்கும். வேகமாகப் பின்வாங்கினால் தட்டின் முன்பகுதி 660-இல் விரிப்பாகப் படுத்துக்கொள்ளும். பின்வாங்காமல் நின்றால் எடை எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து துளைத்துவிடும். இதோடு தட்டின் வயது, குளிர்ச்சி, உறுதி எல்லாம் சேரும். அகழிக்குள் நுழையும் முன் வளையும்போதே தட்டு உள்ளுக்குள் விரிசல்விட்டுத் துண்டு துண்டாகப் பலவீனமடைகிறது, ஆனாலும் அறுந்துவிடாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிறது என்று 2021-இல் தராஸ் கெரியா, டேவிட் பெர்கோவிசி, தோர்ஸ்டன் பெக்கர் மூவரும் ஒரு கணினி மாதிரியில் காட்டினார்கள்.

1,000 கிலோமீட்டர் தயக்கம் மட்டும் கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம், ஏனென்றால் அங்கே 660-இல் இருப்பது போன்ற பெரிய கனிம மாற்றம் எதுவும் கிடையாது. 2015-இல் மட்டும் மூன்று வேறு விளக்கங்கள் வந்தன: பாகுத்தன்மை உண்மையில் 1,000 வாக்கில்தான் தாவுகிறது என்று ஒன்று, ஃபெர்ரோபெரிக்ளேஸ் அந்த அழுத்தத்தில் கெட்டிப்படுகிறது என்று ஒன்று, கீழ்க்கவசத்தின் சேர்மானமே கொஞ்சம் வேறு என்பதால் தட்டுக்கு அங்கே எடை போதவில்லை என்று ஒன்று. படம் வரைகிறவர் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பத்து சென்டிமீட்டரில் ஒரு புள்ளிக்கோடு போட்டு "சில தட்டுகள் இங்கே தயங்குகின்றன" என்றால் போதும்.

மூன்றாவது வழியின் குறை என்ன? படம் சிக்கலாகிவிடும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நாலு அகழி, நாலு முடிவு என்றால் "அப்போ எது சரி சார்?" என்பான். நியாயமான கேள்விதான். இருந்தாலும் நான் இந்த வழியையே எடுப்பேன், ஒரு திருத்தத்தோடு: நான்கையும் நான்கு விதிகளாக வரையாமல் ஒரே பயணத்தின் நான்கு கட்டங்களாக வரைவேன். 660-இல் படுத்திருப்பது, துளைத்துக்கொண்டிருப்பது, 1,000-இல் தயங்குவது, அடியில் கிடப்பது. ஜப்பானுக்கு மேற்கே படுத்திருக்கும் தட்டு பூமியின் கணக்கில் சமீபத்தில் வந்தது, மேலே போட்ட 40 கோடிக் கணக்கின்படி அது என்றென்றைக்கும் அங்கே இருக்க வழியில்லை. ஒருநாள் கவிழ்ந்து இறங்கத்தான் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியும் முதல் இரண்டு வழிகளும் வேறுவேறு நேரத்தில் எடுத்த படங்கள் என்று வைத்துக்கொண்டால் சான்றுகள் பெரும்பாலும் சண்டையில்லாமல் உட்கார்ந்துவிடுகின்றன. ஹீலியம்-3 மட்டும் இதில் அடங்காது. பழைய வாயு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு இரண்டு அடுக்குக் கவசம்தான் ஒரே விடை என்று இன்று யாரும் அடம்பிடிப்பதில்லை, கவசத்தின் அடியிலுள்ள குவியல்களையும் கருவத்தையும் கூடச் சொல்கிறார்கள்.

இடம் ஒரே ஒரு தட்டுக்குத்தான் இருக்கிறது என்றால்? மத்திய அமெரிக்காவை எடுங்கள். கோக்கோஸ் தட்டில் ஆரம்பித்து, 660-இல் லேசாக வளைத்து, அதற்குக் கீழே மூன்று நான்கு மடங்கு தடித்து, அடியில் மடிப்பாக முடியுங்கள். முழுப் பயணமும் ஒரே இடத்தில் தெரிய இதைவிட நல்ல இடம் இல்லை. கட்டுரை நிலநடுக்கம் பற்றியது என்றால் ஜப்பான், படுக்கையோடு. இரண்டு தட்டுக்கு இடம் இருந்தால் மரியானாவும் இசு-போனினும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தட்டு இரண்டு முடிவு என்று. 2004 சுனாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் சுமத்ரா-ஜாவா வளைவை எடுப்பார்கள். அங்கே 200 கிலோமீட்டரில் மங்கலாக்கி விடாமல் ஜாவாப் பக்கத்தில் 660-ஐத் தாண்டிக் கொண்டுபோய் விடுங்கள்.

வண்ணத்தில் ஓர் எச்சரிக்கை. டோமோகிராபிப் படத்தில் வேகமான இடம் நீலம், மெதுவான இடம் சிவப்பு என்பது வழக்கம், நீலம் எல்லாம் தட்டு என்று கண் தானாகவே படித்துவிடும். வான் டெர் மீர் குழு 2018-இல் இப்படி 94 தட்டுகளை அடையாளம் கண்டு ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில், எந்த அகழியில் இறங்கியது என்று பொருத்திப் பார்த்தது, பிரமாதமான உழைப்பு. ஆனால் பொருத்தம் எப்போதும் சுலபமில்லை. ஃபாரலானையே எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவுக்குக் கீழே இருப்பவற்றில் பல செங்குத்துச் சுவர்களாக நிற்கின்றன, அவை கண்டத்தின் ஓரத்தில் இறங்கியிருக்க முடியாது, கடலின் நடுவே தீவு வளைவுகளுக்குக் கீழே இறங்கியவை, கண்டம் பிறகுதான் மேலே வந்து ஏறியது என்று 2013-இல் கரின் ஸிக்லோக், மிட்ச் மிஹாலினுக் இருவரும் வாதிட்டார்கள். 2024 இறுதியில் சூரிச்சிலிருந்தும் கால்டெக்கிலிருந்தும் வந்த ஓர் ஆய்வு இன்னும் குழப்பியது. நிலநடுக்க அலையின் முழு வடிவத்தையும் கணக்கில் எடுத்தபோது, மேற்குப் பசிபிக்கின் நடுவே, நமக்குத் தெரிந்த காலத்தில் அகழியே இருந்திராத இடத்துக்குக் கீழே கூட வேகமான பகுதிகள் தெரிந்தன. தட்டாக இல்லாத வேறு பழைய பொருளும் வேகமாகத் தெரியலாம். அதனால் தட்டைத் தடித்த கோட்டோடு வரையுங்கள், வெறும் வேகப் பகுதியை வெளிர்நீலத்தில் கோடில்லாமல் விடுங்கள்.

அடியில் என்ன செய்வது என்பது பாக்கி. ஆப்பிரிக்காவுக்குக் கீழேயும் பசிபிக்குக்குக் கீழேயும் அலைகள் மெதுவாகப் போகும் இரண்டு மாபெரும் குவியல்கள் இருக்கின்றன. யுகயுகமாக வந்து சேர்ந்த கடலடி மேலோடு அங்கே ஓரளவு குவிந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நிலாவைப் பிறப்பித்த மோதலில் பூமிக்குள் புதைந்த கோளின் மிச்சம் என்று 2023-இல் இன்னொரு கருத்து வந்தது, செய்தித்தாள்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நான் தட்டுகளை அந்தக் குவியல்களின் ஓரத்தில் முடிப்பேன், உள்ளே கொண்டுபோக மாட்டேன். அவற்றிலிருந்து மேலே மாங்காயாவுக்கோ ஹவாய்க்கோ ஒரு மெல்லிய அம்பு, புள்ளிக்கோட்டில்.

இந்தியாவை வைத்து வரைகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த டெத்திஸ் கடலின் தட்டுகள் இன்று இமயமலைக்கு நேர்கீழே இல்லை. அவை கீழ்க்கவசத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்க, இந்தியா அவற்றின் தலைக்கு மேலே வடக்கே ஓடிவிட்டது. அதனால் அவை இந்தியாவுக்கு அடியில், இந்தியாவும் ஆசியாவும் மோதும் எல்லைக்கோட்டிலிருந்து தள்ளித் தெற்கே கிடக்கின்றன என்று 1999-இல் ராப் வான் டெர் ஃபூ குழு காட்டியது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்து, கடல்மட்டம் இருக்க வேண்டியதைவிட நூறு மீட்டருக்கு மேல் பள்ளமாக இருக்கும் ஓர் இடம் உண்டு, உலகிலேயே ஆழமான பள்ளம் அதுதான். அதற்கும் இந்தத் தட்டுகளுக்கும் தொடர்பு உண்டு என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் எழுதினார்கள். 14 கோடி ஆண்டுக் கவச ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, அடிக்குப் போன டெத்திஸ் தட்டுகள் ஆப்பிரிக்கக் குவியலைக் கலைத்து, சூடான லேசான பொருளை இந்தியப் பெருங்கடலுக்குக் கீழே எழும்ப வைத்தால்தான் அந்தப் பள்ளம் சரியாக வந்தது. ஆகவே இந்தியப் படத்தில் அமிழும் தட்டை இமயமலையிலிருந்து நேராகக் கீழே தொங்கவிடாதீர்கள். இமயமலைக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, தட்டைத் தெற்கே தள்ளி, 10 சென்டிமீட்டருக்கும் கீழே, தனித்தனிப் பட்டைகளாகப் போடுங்கள். மேலே எதனோடும் அது இப்போது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.